பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டும் விசா இன்ஷூரன்ஸும்: கனடா சூப்பர் விசாவுக்கு பாலிசி எடுப்பது எப்படி

என் மனைவிக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ. மாமியாரை சூப்பர் விசாவில், அதாவது கனடாவில் இருப்பவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசாவில், டொரன்டோவுக்குக் கூட்டிவந்தபோது எங்களை அதிகம் அலைக்கழித்தது இன்ஷூரன்ஸ்தான். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எங்கே வாங்குவது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். எந்த பாலிசி, எந்தத் தேதியிலிருந்து, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதில் பாதிப்பேர் அதை விற்கிறவர்கள். பிலிப்பினோ குடும்பத்தில் கல்யாணம் செய்த தமிழர்கள் டொரன்டோ பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இது.

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விசா அதிகாரி பார்ப்பது ஒரு பக்கச் சான்றிதழை. நாளைக்கு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டப்போவது அதற்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பாலிசி. முதலாவது சரியாக அமைந்து இரண்டாவது கைவிடுவது சர்வசாதாரணம், ஏனென்றால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்த நேரத்தில் விசா மட்டும்தான் கண்ணில் தெரியும்.

1. எந்த விசா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"வெளிநாட்டு விசாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ்" என்று பொதுவாக எதுவும் கிடையாது. நாட்டுக்கு நாடு, ஒரே நாட்டில் விசாவுக்கு விசா, கேட்பது மாறும்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதிலும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் செல்ல வேண்டும், நோயுற்றாலோ இறந்தாலோ ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். மணிலாவிலேயே பல கம்பெனிகள் இதை விற்கின்றன, எளிது. ஆனால் அதே பாலிசியை நீட்டி ஸ்பெயினில் குடியேறும் விசாவுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழ்வதற்கான ஸ்பெயின் விசாவுக்கு, ஸ்பெயினில் தொழில் செய்ய அனுமதி பெற்ற கம்பெனியின் முழு மருத்துவக் காப்பீடுதான் வேண்டும். அதிலும் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் நாம் ஒரு பங்கு கட்டுகிற திட்டம் ஆகாது, முதல் சில மாதங்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது என்கிற காத்திருப்புக் காலமும் இருக்கக் கூடாது. ஸ்பானிஷில் "சின் கோபாகோஸ், சின் கரென்சியாஸ்" என்று கேட்டு, அந்த இரண்டையும் சான்றிதழிலேயே எழுதி வாங்குங்கள். பிலிப்பினோக்கள் இந்த விசாவில் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் உண்டு: சட்டப்படி இரண்டு வருடம் அங்கே வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மற்ற நாட்டவர் பெரும்பாலோருக்குப் பத்து வருடம்.

ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்கு வேலை தொடங்கும் நாளிலிருந்து அங்குள்ள பொதுக் காப்பீடு வந்துவிடும். விமானம் இறங்கும் நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் தனியாக எடுக்க வேண்டும். என் மைத்துனிக்கு ஒருவர் ஒரு வருடத்துக்கான பாலிசியை விற்கப் பார்த்தார், தேவையே இல்லை. இரண்டு தேதிகளையும் வேலை ஒப்பந்தத்தில் பார்த்து, பயணம் தள்ளிப்போனாலும் தாங்குகிற மாதிரி கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் போதும்.

ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு, அங்குள்ள கம்பெனி விற்கும் ஓ.எஸ்.ஹெச்.சி என்ற மாணவர் காப்பீட்டை விசாக் காலம் முழுவதற்கும் எடுக்க வேண்டும். மெடிகேர் என்ற அந்த நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டுடன் பிலிப்பைன்ஸுக்கு ஒப்பந்தம் கிடையாது, அதனால் விதிவிலக்கு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரிட்டனுக்குத் தனியார் பாலிசி கேட்பதில்லை. அதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாக்களுக்கு சுகாதாரக் கட்டணம் என்று பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 776 பவுண்டு, எத்தனை வருட விசாவோ அத்தனைக்கும் மொத்தமாக முன்பே வாங்கிக்கொள்வார்கள். சுகாதாரப் பணியாளர் விசாவில் போகும் நர்ஸ்களுக்கு அது கிடையாது. அவர்களிடம் யாராவது இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

இனி நான் பார்த்துத் தெரிந்த கனடா கதைக்கு வருகிறேன்.

2. கையில் ஏற்கெனவே இருப்பதை நம்ப வேண்டாம்

பிலிப்பினோ குடும்பங்களில் முதலில் எடுத்துக் காட்டுவது ஃபில்ஹெல்த் அட்டையை. அது அரசுக் காப்பீடு. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் ஓரளவு பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் பிலிப்பைன்ஸ் விலைக் கணக்கில்தான் கிடைக்கும், விசாவுக்குச் செல்லாது. அடுத்தது ஹெச்.எம்.ஓ கார்டு என்ற தனியார் மருத்துவத் திட்ட அட்டை, பிள்ளைகள் வேலை செய்யும் கம்பெனி கொடுத்தது. அது உள்ளூர் ஆஸ்பத்திரிகளுக்கானது.

மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றும். ஏஜென்சி மூலம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 2010-ஆம் ஆண்டின் 10022-ஆம் எண் சட்டப்படி கட்டாயக் காப்பீடு ஒன்று உண்டு. விபத்தில் இறந்தால் 15,000 அமெரிக்க டாலர், இயற்கையாக இறந்தால் 10,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு என்றெல்லாம் அதில் இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் காய்ச்சலுக்கும் ஆபரேஷனுக்கும் பணம் கட்டுகிற மருத்துவக் காப்பீடு அது கிடையாது. பிரீமியம் ஏஜென்சியின் பொறுப்பு, தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ரசீதில் "இன்ஷூரன்ஸ்" என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

3. சூப்பர் விசா சரியாக என்ன கேட்கிறது

இது கனடாவில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டிக்கு மட்டும். ஒரு தடவை உள்ளே வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். இன்ஷூரன்ஸ் பக்கம் அவர்கள் பார்ப்பது இவ்வளவுதான்:

- குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பு, ஒவ்வொருவருக்கும் தனியாக
- உள்ளே நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம்
- மருத்துவச் சிகிச்சை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, ஊருக்குத் திருப்பி அனுப்புவது மூன்றும் அடங்க வேண்டும்
- கனடியக் கம்பெனி, அல்லது கனடா அரசு இதற்கென்று அங்கீகரித்த வெளிநாட்டுக் கம்பெனி
- பணம் கட்டியதற்கு ஆதாரம்: முழுத்தொகை, அல்லது முன்பணம் கட்டிய தவணைத் திட்டம்

கடைசி வரியில்தான் பலர் மாட்டுகிறார்கள். விலை விசாரித்து வாங்கிய கொட்டேஷனை இணைத்தால் ஏற்க மாட்டார்கள். "விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம்" என்ற கடிதமும் செல்லாது. மணிலாவில் வாங்கிய பயணக் காப்பீடு தொகையில் பெரியதாகவே இருந்தாலும் அந்தக் கம்பெனி அங்கீகாரப் பட்டியலில் இல்லாவிட்டால் பயனில்லை.

இடையில் ஒன்று. உங்கள் மாமனார் மாமியாரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசிட்டர் விசா இருக்கிறதா, அல்லது கடந்த பத்து வருடத்தில் கனடா விசா வாங்கியிருக்கிறார்களா? 2023 ஜூனிலிருந்து அப்படிப்பட்ட பிலிப்பினோக்கள் விமானத்தில் வருவதாக இருந்தால் ஈ.டி.ஏ என்ற இணையவழிப் பயண அனுமதி போதும், பொதுவாக ஆறு மாதம் இருக்கலாம், இன்ஷூரன்ஸ் கட்டாயமும் இல்லை. பேரக் குழந்தை பிறக்கும் சமயத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு சூப்பர் விசா அதிகப்படி. கட்டாயம் இல்லை என்பதற்காக இன்ஷூரன்ஸ் இல்லாமல் மட்டும் கூட்டிவராதீர்கள். இங்கே இன்ஷூரன்ஸ் இல்லாத வெளிநாட்டவருக்கு வார்டில் ஒரு நாள் படுக்கைக்கே ஆயிரக்கணக்கில் பில் போடுவார்கள், ஓஹிப் என்ற ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடு விசிட்டர்களுக்குக் கிடையாது.

4. விலை கேட்பதற்கு முன் மருந்துப் பட்டியல் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

"உடம்புக்கு ஏதாவது இருக்கா அத்தை" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். தினமும் சாப்பிடும் மாத்திரையை அங்கே "மெயின்டனன்ஸ்" என்பார்கள், அப்படிக் கேளுங்கள், பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று வரிசையாக வெளியே வரும். மாத்திரைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது அளவு மாறியது, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டுகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எதற்கு இவ்வளவு? இந்த பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வகை ஏற்பாடு உண்டு. அறவே கிடையாது என்பது ஒன்று, விலை குறைவாக இருக்கும். "நிலையாக இருந்தால்" உண்டு என்பது இன்னொன்று, பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 90, 120 அல்லது 180 நாட்களில் அந்த நோயில் எந்த மாற்றமும் இருந்திருக்கக் கூடாது. வயது அதிகமானவர்களுக்கு மருத்துவக் கேள்வித்தாள் நிரப்பச் சொல்லி அதற்கேற்ப விலை போடுவது மூன்றாவது. மூன்றுமே விசா அதிகாரிக்கு ஒன்றுதான், சான்றிதழில் வித்தியாசம் தெரியாது. மாரடைப்பு வந்த இரவில் தெரியும்.

"நிலை" என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் நாம் நினைப்பது அல்ல. புதிய மாத்திரை சேர்த்தால் மாற்றம், அளவைக் கூட்டினால் மாற்றம், குறைத்தாலும் மாற்றம்! டாக்டர் "நன்றாக இருக்கிறீர்கள், பாதியாகக் குறைக்கலாம்" என்று சொன்னால் நமக்கு நல்ல செய்தி, இன்ஷூரன்ஸ் கணக்கில் நாட்கள் முதலிலிருந்து எண்ணப்படும். பிராண்டு மாத்திரையிலிருந்து அதே அளவு ஜெனரிக்குக்கு மாறுவதைப் பெரும்பாலான பாலிசிகள் மாற்றமாக எடுப்பதில்லை, ஆனால் உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போகிறோமே, ஒரு முழு செக்கப் செய்துவிடலாம் என்று பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு குடும்பமாகக் கிளம்புவதும் பிலிப்பைன்ஸில் வழக்கம். அங்கே பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்தால் 90 நாள் நிபந்தனை போச்சு. செக்கப்பைத் தவிர்க்கச் சொல்லவில்லை, சீக்கிரமே செய்யச் சொல்கிறேன்: விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முடித்துவிட்டால் எது மாறினாலும் நாட்கள் ஓடி முடிந்திருக்கும். அவசியமான மாற்றத்தை இன்ஷூரன்ஸுக்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம், கம்பெனியைக் கூப்பிட்டுச் சொல்லி வேறு திட்டத்துக்கு மாறுங்கள்.

கேள்வித்தாளில் பொய் எழுதச் சொல்லும் ஏஜென்ட் கிடைப்பார். எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார், "சர்க்கரையைப் போட வேண்டாம், விலை ஏறும்" என்றார். கிளெய்ம் போடும்போது கம்பெனி பிலிப்பைன்ஸ் டாக்டரின் பதிவுகளைக் கேட்டு வாங்கும். அதில் சர்க்கரை இருந்து படிவத்தில் இல்லையென்றால், இதயத்துக்கான கிளெய்மைக்கூட மறுத்து பாலிசியையே ரத்து செய்ய முடியும்.

5. பெயரும் பிறந்த தேதியும்

சின்ன விஷயம் மாதிரி தெரியும். பிலிப்பினோக்களின் நடுப்பெயர் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். கனடியப் படிவம் அதை இரண்டாவது முதற்பெயர் என்று எடுத்துக்கொள்ளும், சில ஏஜென்டுகள் அதைக் குடும்பப் பெயரோடு ஒட்டிவிடுவார்கள். "மரியா" என்பதைப் பிறப்புச் சான்றிதழில் சுருக்கி "மா" என்று புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள், பாலிசியில் அதை முழுதாக விரித்து எழுதினாலோ விட்டுவிட்டாலோ சிக்கல். "டெலா க்ரூஸ்" ஒரு இடத்தில் சேர்த்தும் இன்னொரு இடத்தில் பிரித்தும் வரும். ஜூனியர் என்ற ஒட்டு காணாமல் போகும். ஒரே விதி: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. ஏஜென்டுக்குப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் பாஸ்போர்ட்டின் போட்டோவை அனுப்புங்கள்.

தேதி இன்னொன்று. பிலிப்பைன்ஸில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாம் நாளை முதலில் எழுதுவோம். 04/07 ஏப்ரலா ஜூலையா? மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். விலை வயதை வைத்துத்தான், வயது தவறினால் கிளெய்மில் அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

6. எவ்வளவு ஆகும்

அறுபது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஆயிரம் கனடிய டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டி, உள்ள நோய்க்கும் சேர்த்து எடுத்தால் இரண்டாயிரத்தையும் தாண்டும். விசாக் கட்டணம் 100 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, போட்டோ எடுப்பது) 85. ஆக மொத்தச் செலவில் பெரிய தொகை இன்ஷூரன்ஸ்தான்.

குறைக்க நேர்மையான வழி டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் முதல் இவ்வளவு தொகையை நாமே கட்டுகிறோம் என்று ஒத்துக்கொள்வது. 1,000 டாலர் டிடக்டிபிள் வைத்தால் பிரீமியம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும். ஒரு ஆயிரத்தைத் திடீரென்று புரட்ட முடிகிற குடும்பத்துக்கு இது நல்ல பேரம். டிடக்டிபிளைக் குறைத்து உள்ள நோய்க்கான காப்பை விட்டுவிடுவதைவிட, டிடக்டிபிளை ஏற்றி அந்தக் காப்பை வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

தவணை வசதி இருக்கிறது, முன்பணமும் ஒரு சிறு கூடுதல் கட்டணமும் வாங்குவார்கள். தவணை தவறினால் பாலிசி போய்விடும், மொத்தமாகக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். புரோக்கருக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை, அவர் கமிஷன் பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது. "சர்வீஸ் சார்ஜ்" கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பணத்தை கனடாவில் இருக்கும் பிள்ளையின் கார்டில் கட்டுவதுதான் சுலபம், பெசோ கார்டுகள் இணையத்தில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும்.

வாங்குமுன் திரும்பத் தரும் விதியைப் படியுங்கள். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி முழுதாகவோ சிறு கட்டணம் கழித்தோ பணத்தைத் திருப்பித் தருவது வழக்கம். கிளெய்ம் எதுவும் போடாமல் முன்கூட்டியே ஊர் திரும்பினால் மீதி மாதங்களுக்கும் பல கம்பெனிகள் தரும்.

7. தொடக்கத் தேதியை எப்படி வைப்பது

விண்ணப்பத்தோடு பாலிசி இணைக்க வேண்டும், விசா எப்போது வரும் என்று தெரியாது. எனவே பாலிசி தொடங்கும் தேதியைத் தள்ளி, நீங்கள் உத்தேசிக்கும் பயண நாளுக்கு வையுங்கள். விசா தாமதமானால் அந்தத் தேதி வருவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தேதி கடந்துவிட்டால் பாலிசி ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் பேச்சுவார்த்தைதான். போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறவர்களுக்குத் தாமதம் எங்கே வரும் என்றால் மருத்துவப் பரிசோதனையில். கனடா அங்கீகரித்த டாக்டரிடம்தான் செய்ய வேண்டும், குடும்ப டாக்டர் சான்றிதழ் ஆகாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். நோயே இல்லாமலும் இப்படிக் காத்திருப்பவர்கள் உண்டு. பிள்ளைப்பேறு தேதியை நம்பி டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

விசா கையில் வந்து டிக்கெட்டும் போட்டபின் தொடக்கத் தேதியை விமானம் இறங்கும் நாளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். கனடாவுக்கு வந்தபிறகு தொடங்குகிற மாதிரி இருந்தால், நோய்க்கான காப்புக்கு முதல் சில நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் ஒட்டிக்கொள்ளும்.

8. டம்மி பாலிசி வேண்டாம்

விசா வந்ததும் ரத்து செய்து பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று சொல்கிறவர்கள் மணிலாவிலும் இருக்கிறார்கள், ஸ்கார்பரோவிலும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் அதிகாரி பாலிசியைக் கேட்கலாம், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கேட்கலாம். போலிச் சான்றிதழ் கொடுத்தது தெரிந்தால் தவறான தகவல் என்று ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாமல் போகும். சான்றிதழ் வந்ததும் கம்பெனியின் பொதுத் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, அதில் உள்ள பாலிசி எண்ணை நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.

9. விமானம் ஏறும் பையிலும், வந்து இறங்கிய பிறகும்

சான்றிதழ், ரசீது, அழைப்புக் கடிதம் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள், போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் கேட்பார்கள். இந்த பாலிசி அவசரத்துக்கு மட்டும்தான். மாதாந்திர மாத்திரை, பல், கண்ணாடி, வழக்கமான டாக்டர் சந்திப்பு எதுவும் இதில் வராது. அதனால் 90 நாளுக்கான மாத்திரைகளை அங்கேயே வாங்கி, கடை கொடுத்த அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கொண்டுவரச் சொல்லுங்கள், சொந்த உபயோகத்துக்கு அந்த அளவு வரை கனடா அனுமதிக்கிறது. டப்பாவில் கொட்டிக் கலந்து கொண்டுவரக் கூடாது.

கம்பெனியின் 24 மணி நேர உதவி எண்ணை பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே, முடியாவிட்டால் சேர்த்தவுடனே கூப்பிட வேண்டும் என்று பாலிசியில் இருக்கும், தவறினால் கொடுக்கும் தொகையைக் குறைப்பார்கள். உயிர் போகிற நிலையென்றால் முதலில் 911, அப்புறம் அந்த எண். நடுவில் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்வந்தால் பிலிப்பைன்ஸில் இருக்கும் நாட்களுக்குக் காப்பு கிடையாது, திரும்பி வந்ததும் அதே பாலிசி தொடருமா முடிந்துவிடுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வருடம் முடியும்போது புதுப்பிப்பதற்கும் இடைவெளி விடாதீர்கள், இடைவெளி விட்டால் காத்திருப்பு நாட்கள் மறுபடி தொடங்கும்.

ஃபில்ஹெல்த் சந்தா கட்டிவருகிறவராக இருந்தால் இங்கே ஆஸ்பத்திரியில் தங்கியதற்கு அங்கேயும் கிளெய்ம் போடலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போட வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கனடாவில் மொழிபெயர்ப்புத் தொல்லை அனேகமாக இல்லை, கியூபெக்கில் மட்டும் காகிதம் பிரெஞ்சில் வரலாம், அங்கே இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆங்கிலப் பிரதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.